கறுப்புக் கம்பி

டெட்ஃபோர்ட், லண்டன்
14 நவம்பர் 1927, திங்கள்

அன்புள்ள தங்கை லெட்டிஸ்,

சனிக்கிழமை மாலை உன் அத்தானின் புது ஸ்பீக்கரைக் கேட்க எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் சைலஸ், எதிர்ச்சாரி வீட்டு டட்டில், அவர் மனைவி, போதகர் வின்சம். ஆக ஐந்து பேர். பூனையையும் எழுதச் சொல்கிறார் டட்டில். சத்தம் வந்ததும் முதலில் ஓடியது அதுதான், அதன் சாட்சிதான் நம்பத்தக்கது என்கிறார்.

நீயும் உன் வீட்டுக்காரர் ஜேபஸ் தம்பியும் சுகமா? இங்கே கர்த்தருடைய கிருபையால் நலம். என் முழங்கால் மட்டும் பழையபடிதான்.

மூன்று வருஷமாக உன் அத்தான் கொம்பு வைத்த ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டியது உனக்குத் தெரியும். யார் பேசினாலும் தகரக் குழாய்க்குள் மூக்கடைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். இப்போது கொம்பே கிடையாது. கனமான இரும்புச் சட்டி ஒன்று. அதற்குள் கம்பி சுற்றி, மின்சாரம் விட்டுச் சட்டியைக் காந்தமாக்குகிறார். சட்டியின் வாயில் நகக்கண் அகலத்தில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் எங்கும் உரசாமல் மிதக்கிறது ஒரு சின்னச் சுருள். சுருளின் தலையில் காகிதக் கூம்பு. கூம்பு ஆடவேண்டும், கிழியவும் கூடாது. ஓரத்துக்கு மெல்லிய தோல் வேண்டும் என்று கடை கடையாக அலைந்துவிட்டுக் கடைசியில் என் கல்யாணக் கையுறையைக் கேட்டார். கொடுத்தேன்.

பாட ஆரம்பித்ததும் ஆர்கனின் அடிக்கட்டைச் சுரம் தரை வழியாகக் காலில் ஏறியது. போதகர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் பின்னால் ஒரு ரீங்காரம் கேட்டது.

"எனக்குக் கேக்கலியே" என்றார் உன் அத்தான்.

"உங்களுக்குக் கேக்காது. உள்ள வண்டு உக்காந்திருக்கு."

சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பியில் கறுப்பை எடுத்து இரும்புச் சட்டியோடு சேர்த்துப் பார்த்தேன். ரீங்காரம் நின்றது.

"உன் காதுக்குத் தனியாச் சம்பளம் போடணும்டி."

"முதல்ல கையுறைக்குப் போடுங்க."

நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். சோதனை நோட்டில் என் கையாலேயே எழுதினேன்: எண் ஆறு. இரும்பு, கறுப்புக் கம்பியோடு. ரீங்காரம் இல்லை.

இந்த ஆறாம் எண்ணை ஜேபஸ் தம்பிக்கு அனுப்புகிறோம். இருபத்தாறு வருஷத் தறிச் சத்தம் அவர் காதின் மேல்சுருதியை எல்லாம் தின்றுவிட்டது, கீழ்ச்சுருதிதான் மிச்சம் என்று எழுதியிருந்தாயே. கீழ்ச்சுருதி பேசுகிற ஸ்பீக்கர் இது ஒன்றுதான். முன்பு அனுப்பிய ரேடியோப் பெட்டியின் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள். சுவரில் நேராகச் செருகினால்தான் பாடும், மாற்றிச் செருகினால் ஊமையாக இருக்கும். பயப்படாமல் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அக்கா ஹெஸ்டர்

---

ஆல்டர்பி, லங்காஷயர்
5 டிசம்பர் 1927

என் பிரியமுள்ள அக்கா,

சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை வைத்துப் பார்.

பெட்டியைத் தூக்கி வந்த ரயில்வே ஆள், "உள்ளே என்னம்மா, கொல்லன் பட்டறையா?" என்று கேட்டான். அவ்வளவு கனம். பின்கட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் என் வீட்டுக்காரர் பலகை அடித்து அங்கே வைத்திருக்கிறார். அவர் உட்காரும் இடம் அதுதான்.

நேற்று ரேடியோவில் ஞாயிறு ஆராதனை வைத்தோம். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது திரும்பி என்னைப் பார்த்தார். "லெட்டி, அந்தப் போதகருக்குச் சளி புடிச்சிருக்கு" என்றார். அக்கா, அவர் என் உதட்டைப் பார்க்காமல் ஒரு மனுஷன் பேச்சைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "வெங்காயமா?" என்று கேட்கிறார். வீட்டில் அன்று வெங்காயமே இல்லை.

ஒரு வேடிக்கை. ஸ்பீக்கரின் இரும்பைத் தொட்டால் லேசாகக் கடிக்கிறதாம். "நாய்க்குட்டி மாதிரி, பழகினாச் சரியாயிடும்" என்கிறார்.

அத்தானுக்கு எங்கள் இருவரின் நன்றி. உன் கைக்கும் காதுக்கும்.

தங்கை லெட்டிஸ்

---

டெட்ஃபோர்ட்
19 டிசம்பர் 1927

அன்புள்ள லெட்டிஸ்,

பதில் இரண்டு வாரம் தாமதம், மன்னித்துக்கொள். எல்லாரும் நலம். எதிர்ச்சாரி டட்டிலுக்கு மட்டும் உடம்பு சரியில்லை. எங்களிடம் ஏழாம் எண் ஸ்பீக்கரை இரவல் வாங்கிப் போனவர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். வலது கையை இன்னும் கட்டித்தான் வைத்திருக்கிறார். இப்போது தேவலை.

உன் அத்தானின் ஸ்பீக்கரைப் பார்க்க ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு முறை வந்துவிட்டார்கள். ஜனவரி முடிவதற்குள் முடிவு சொல்வார்களாம். அதுவரை அதைப் பற்றி யாருக்கும், எதுவும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும். பாடிக்கொண்டிருக்கும்போது ஜேபஸ் தம்பி அதைத் தொடாமல் இருப்பது நல்லது. காகிதக் கூம்பு மிகவும் மெல்லியது. விரல் பட்டால் சுருள் நகர்ந்து கெட்டுவிடும். அதனால்தான் சொல்கிறேன், தொடவேண்டாம். அவரிடம் நீயே எடுத்துச் சொல்.

கிறிஸ்துமஸ் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும்.

ஹெஸ்டர்

---

ஆல்டர்பி
16 ஜனவரி 1928

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். வியாழன் அடக்கம். நீ ரயில் ஏறுமுன் இது கைக்கு வரட்டும் என்று எழுதுகிறேன். வந்தபிறகு எல்லாரும் சூழ்ந்திருப்பார்கள், என்னால் வாய் திறக்க முடியாது.

நேற்று சாயங்கால ஆராதனை நேரம். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவர் கழுவிக்கொண்டிருந்தார். வேத வாசிப்பு ஆரம்பித்ததும், "இன்னும் கிட்ட இழுத்து வச்சா நல்லாக் கேக்கும்" என்று ஒரு கையால் குழாயை மூடிக்கொண்டே மறுகையைப் பலகைக்கு நீட்டினார்.

"காகிதத்தைத் தொட்டுடாதீங்க. அக்கா எழுதியிருக்கா இல்ல" என்றேன், அவர் பார்க்கும்படி உதட்டை அசைத்து.

"இரும்பைத்தான் புடிக்கிறேன் லெட்டி" என்றார்.

அவ்வளவுதான். கத்தவில்லை. குழாயையும் விடவில்லை, இரும்பையும் விடவில்லை. அப்படியே நின்றார். ஏதோ கேட்கிறார் போல என்றுதான் நினைத்தேன். பிறகு ஸ்பீக்கரோடு சாய்ந்தார், மாட்டியிருந்த கம்பி பிடுங்கிக்கொண்டது, வாசிப்பு நின்றது.

இருதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் அப்பாவுக்கும் இருதயம்தான். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. இரும்பு சூடாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். அது எப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

கீழே விழுந்தும் கூம்பு கிழியவில்லை அக்கா. நீ சொன்னதை அவர் அவ்வளவு மதித்தார். ஒருநாளும் அதில் விரல் வைத்ததில்லை.

சீக்கிரம் வா.

லெட்டி

---

டெட்ஃபோர்ட்
27 ஜனவரி 1928

அன்புள்ள லெட்டிஸ்,

செவ்வாய் இரவு வீடு வந்து சேர்ந்தேன். வழிக்கு நீ கட்டிக் கொடுத்த ரொட்டியைப் பிரிக்கவே இல்லை.

உன் வீட்டில் ஐந்து நாள் இருந்தேன். தொட்டியை நீ காட்டினாய், பலகையைக் காட்டினாய், அவர் நின்ற இடத்தைக் காட்டினாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் "அக்கா எவ்வளவு ஆறுதல்" என்றார்கள்.

ஸ்பீக்கரைப் பெட்டியில் போட்டு ரயிலில் திருப்பி அனுப்பிவிடு. விழுந்ததில் சுருள் கோணியிருக்கும். உன் அத்தான் வேறு சுருள் போட்டுத் தருவார். துக்க வீட்டில் பாட்டு எதற்கு என்று நான் கம்பியைச் சுற்றிக் கட்டி வைத்தது அப்படியே இருக்கட்டும். இந்த வாரமே அனுப்பு.

ஒவ்வொரு மணியும் உனக்காக ஜெபிக்கிறேன்.

ஹெஸ்டர்

---

ஆல்டர்பி
6 பிப்ரவரி 1928

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் ஆறுதலாக இருந்தது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கவலைப்படாதே. அத்தானுக்கு என் வணக்கம்.

அதைத் திருப்பி அனுப்பச் சொல்லாதே. அவர் காதுக்குள் கடைசியாகப் போன சத்தம் அதிலிருந்து வந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆகையால் ரேடியோப் பெட்டியோடு சேர்த்து ஞாயிறு பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். சுருள் கோணவில்லை, நன்றாகப் பாடுகிறது. முப்பத்திரண்டு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். ஜேபஸ் மாமா ஸ்பீக்கர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். உனக்கு இது சந்தோஷம்தானே?

லெட்டிஸ்

---

டெட்ஃபோர்ட்
8 பிப்ரவரி 1928

லெட்டிஸுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஹெஸ்டருக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. அவள் எழுதிய கடிதத்தை நான் அனுப்பவில்லை, ஏதேதோ எழுதியிருந்தாள். பதிலாக நான் எழுதுகிறேன்.

ஒரு விவரம் வேண்டும். ஞாயிறு பள்ளிக் கட்டடம் தெருவில் உன் வீட்டு வரிசையிலா, எதிர் வரிசையிலா? மறு தபாலில் தெரிவிக்கவும். அதுவரை யாரும் அதைப் பாடவைக்க வேண்டாம்.

சைலஸ்

---

ஆல்டர்பி
10 பிப்ரவரி 1928

அன்புள்ள அத்தான்,

இங்கே நலம். பள்ளி எங்களுக்கு நேர் எதிர்ச்சாரி. வாசலில் நின்றால் ஜன்னல் தெரியும். ஏன் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் முந்தாநாள் கூட்டத்தில் பாடிவிட்டது. பிள்ளைகள் ஒருத்தர் விடாமல் தொட்டுப் பார்த்தார்கள். "சித்தப்பாவைக் கடிச்சுதுன்னு சொன்னாங்க, எங்களை ஒண்ணும் பண்ணலியே" என்று அவர் அண்ணன் மகள் குறைப்பட்டுக்கொண்டாள். பள்ளிக்குப் போனதும் நாய்க்குட்டி சாதுவாகிவிட்டது போலிருக்கிறது.

அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி? அவளையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

லெட்டிஸ்

---

டெட்ஃபோர்ட்
12 மே 1928

அன்புள்ள லெட்டிஸ்,

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. நீ எழுதிய நாலு கடிதமும் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கின்றன. காய்ச்சல் எப்போதோ போய்விட்டது.

கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் அத்தான் வேலைக்கூடத்தில் இப்போது பதினான்கு பெண்கள் சுருள் சுற்றுகிறார்கள். நோட்டு இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு வந்துவிட்டது. புதிதாகச் செய்கிற எதிலும் இரும்பை எந்தக் கம்பியோடும் சேர்ப்பதில்லை. ரீங்காரத்தை நிறுத்த வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்.

ஆறாம் எண் பள்ளியிலேயே இருக்கட்டும். அதை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றாதே. இடம் மாற்றினால் சுருள் கெட்டுவிடும் என்று உன் அத்தானும் சொல்லச் சொன்னார்.

நான் திருவிருந்து எடுத்து நாலு மாதமாகிறது. வயிறு சரியில்லை என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்காக ஜெபி. எதற்கென்று கேட்காமல் ஜெபி.

ஹெஸ்டர்

---

ஆல்டர்பி
20 செப்டம்பர் 1928, வியாழன்

என் அன்புள்ள அக்கா,

வயிறு தேவலையா? கோடை முழுக்க உன்னிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. நான் நன்றாக இருக்கிறேன், நிஜமாகவே. நேற்று சந்தையில் ஒருத்தி சொன்ன பேச்சுக்குச் சிரித்துவிட்டேன், பிறகு நானே திடுக்கிட்டேன்.

பள்ளிக்கு வெள்ளையடிக்கிறார்கள். சாமான்களை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மூப்பர் இரண்டு பேர் ஸ்பீக்கரையும் பெட்டியையும் இங்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கப்போவதில்லை அக்கா. எட்டு மாதம் போய்விட்டது, எனக்கு இப்போது பயமில்லை. அவர் அடித்த பலகை தொட்டிக்கு மேலே இன்னும் இருக்கிறது. அங்கேயே வைத்து, ஞாயிறு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆராதனை கேட்கப்போகிறேன், அவர் கேட்ட மாதிரி.

இடம் மாற்றாதே என்று எழுதியிருந்தாய். கவலைப்படாதே, காகிதத்தில் விரல்கூடப் படாது. அவரைப் போல இரும்பைத்தான் பிடிப்பேன்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் லெட்டி

---

டெட்ஃபோர்ட்
24 செப்டம்பர் 1928, திங்கள், மாலை நாலு மணி

லெட்டிஸ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறது. உன் அத்தான் வேலைக்குப் போகும் அவசரத்தில் வாசலில் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டு மறந்துவிட்டார். இன்று துவைக்கிற நாள். பை ஒன்றொன்றாகத் தடவிப் பார்த்தபோது பிரிக்காமல் இருந்தது. ஒன்பதரைக்கு உனக்குத் தந்தி கொடுத்தேன்: ஸ்பீக்கரைத் தொடாதே, செருகாதே, பதில் தா. பதிலுக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறேன். மத்தியானம் இரண்டு முறை தபாலாபீசுக்கு நடந்தேன். ஒன்றும் வரவில்லை.

இதை நேரில் சொல்ல ஐந்து நாள் இருந்தும் சொல்லாதவள் நான். நாளைக் காலை ரயிலில் வருகிறேன். வந்து நின்றால் மறுபடியும் உன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். அதனால் எழுதி, எனக்கு முன்னால் முதல் தபாலில் அனுப்புகிறேன்.

ஜேபஸ் இருதயத்தால் சாகவில்லை. நான் பற்றவைத்த கறுப்புக் கம்பியால் செத்தார்.

தெருவில் ஒரு வரிசை வீட்டுக்கு மின்சாரம் வருவது ஒரு விதம், எதிர் வரிசைக்கு வருவது வேறு விதம். எங்கள் வரிசையில் கறுப்புக் கம்பி மண்ணோடு சேர்ந்தது, குழந்தை தொட்டாலும் ஒன்றும் செய்யாது. எதிர் வரிசையில் அதே கறுப்பில்தான் இருநூறு வோல்ட். நான் இரும்பை அதோடு கட்டினேன். எங்கள் சமையலறையில் அது சாது. அதே மாதிரி கட்டிய ஏழாம் எண், தெருவைத் தாண்டி டட்டில் வீட்டுக்குப் போனதும் அவரைத் தூக்கி எறிந்தது. கையை இழுத்துக்கொண்டதால் பிழைத்தார். உன் வீடு டட்டில் வீடு மாதிரி. பள்ளி எங்கள் வீடு மாதிரி. அதனால்தான் பிள்ளைகளை ஒன்றும் செய்யவில்லை. காய்ந்த கையால் தொட்டால் கடிக்கும். ஈரக் கையோடு குழாயையும் பிடித்தால் விடாது.

இது ஜேபஸ் சாவதற்கு ஐந்து வாரம் முன்பே எனக்குத் தெரியும். கடிக்கிறது என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றே தெரியும். கம்பியைப் பிடுங்கிப் போடு என்று எழுதி உன் அத்தானிடம் காட்டினேன். "கம்பெனிக்காரன் காதுக்குப் போச்சுன்னா மூணு வருஷமும் மண்ணு. தொடாதேன்னு மட்டும் எழுது. காரணம் எழுதாதே" என்றார். எழுது என்றது அவர். காகிதம் மெல்லியது என்ற பொய்யைத் தேடிப் பிடித்தது நான். அந்தப் பொய்யை நம்பித்தான் ஜேபஸ் காகிதத்தை விட்டு இரும்பைப் பிடித்தார். இரும்பைத்தான் புடிக்கிறேன் லெட்டி என்ற அந்தப் பேச்சை நீ எழுதியிருந்தாயே, எட்டு மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும், கர்த்தர் என் வாயை மூடிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் மாற்றாதே என்று இன்னொரு பொய்யையும் எழுதினேன்.

நோட்டில் ஆறாம் எண் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. உன் அத்தான் அடுத்த அறையில் இருக்கிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. ஒருமுறை வந்து ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் போனார்.

நேற்று ஞாயிறு. சாயங்காலம் ஆறரைக்கு நான் சபையில் பாடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீ தொட்டிப் பக்கம் இருந்திருப்பாய்.

என்னை மன்னிக்க வேண்டாம். என் முகத்தில் விழிக்கவும் வேண்டாம், நாளை நான் வரும்போது கதவைத் திறக்காமல் இருந்துகொள். ஆனால் தந்தித் தாள் உன்னிடம் இருக்கும், அதில் ஒரு சொல் போதும். உன் கையால் எழுதி, இது கிடைத்தவுடன், சீக்கிரம் பதில் அனுப்பு.

ஹெஸ்டர்